வலியில்லை, உளைவுதான்: டொக்டர் அருளப்பு நினைவாக

கடந்த செவ்வாய்க்கிழமை காலை, கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக் குசினியில் தேத்தண்ணீருக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தபோது டொக்டர் அருளப்புவின் மனைவி ஜெசிந்தா அக்கா தொலைபேசியில் அழைத்தார். கடற்கரைப் பக்கம் ரயில் போய்க்கொண்டிருந்ததால் அவர் முதலில் சொன்னது காதில் விழவில்லை.

"வசந்தி, கேக்குதா? அவர் போயிட்டார்," என்று திரும்பவும் சொன்னார்.

"நித்திரையிலேயா அக்கா?" என்றேன்.

"ஓம். கதிரையில இருந்தபடியே."

டொக்டர் அருளப்பு அதிக நாள் இருக்க மாட்டார் என்பது எங்களுக்குத் தெரியும். புற்றுநோய் அவருடைய முதுகெலும்பைப் பிடித்திருந்தது. அதனால் செய்தி என்னை அதிர வைக்கவில்லை. ஆனால் கட்டிலை அல்ல, நாற்காலியைச் சொன்ன அந்தக் 'கதிரையில' என்ற சொல்லைக் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சொல்லுக்கும் அவருக்கும் இருந்த தொடர்பைத் தெரிந்தவர்கள் சிலர்தான். மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அவர் கொழும்பின் கொட்டாஞ்சேனையில் பிறந்து, கொட்டாஞ்சேனையிலேயே இருந்து, அங்கேயே போய்ச் சேர்ந்தவர். தகப்பனார் துறைமுகத்தில் எழுதுவினைஞர். மகன் எலும்பு முறிவு டொக்டராகி, பிறகு முதுகெலும்புச் சத்திர சிகிச்சையில் பெயர் எடுத்தார். நான் மயக்க மருந்து கொடுப்பவள். நாங்கள் இருவரும் ஒரே ஒபரேஷன் தியேட்டரில் பல வருடங்கள் நின்றோம். அவர் நோயாளியின் முதுகுப் பக்கம், நான் தலைப் பக்கம். "உமக்கென்ன வசந்தி, உம்மட நோயாளிகள் உம்மோட வாய் காட்ட மாட்டினம்," என்று அடிக்கடி சீண்டுவார். "உங்கட நோயாளிகள் உங்களுக்கு முகத்தையே காட்டுறதில்லைத்தானே சேர்," என்று நானும் விடமாட்டேன். எங்கள் எல்லோருக்கும் அவர் 'சேர்'தான்.

குள்ளமான, தோள் அகன்ற மனிதர். எலும்பு டொக்டர்மார் எல்லோரும் பாதித் தச்சர் என்று தன்னைத் தானே கேலி செய்வார். ஆனால் நோயாளிக்கு விளங்கப்படுத்துவதில் அவரை அடிக்க ஆளில்லை. "முதுகெலும்பு எண்டா இடியப்பத் தட்டுகளை அடுக்கி வச்ச மாதிரி. நடுவில ஒரு தட்டைக் கட்டி அரிச்சா மேல இருக்கிறதெல்லாம் சரியும். நான் கட்டியை எடுத்துப்போட்டு ரெண்டு கம்பி வச்சு அடுக்கை நிமித்தப் போறன்," என்பார். பெண்கள் உடனே தலையாட்டுவார்கள். ஆண்கள் வீட்டில் இடியப்பத் தட்டைத் தொட்டிராதவர்கள் போலும், மனைவியைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

சட்டம் என்றால் அவருக்குச் சட்டம்தான். காலி வீதியில் ஒரு வாகனமும் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகூடச் சிவப்பு விளக்குக்கு நின்று பின்னால் வருபவர்களின் வசவைக் கேட்டுக்கொண்டிருப்பார். இந்தப் பிடிவாதத்தை நான் எத்தனையோ தடவை பரிகசித்திருக்கிறேன். அதுவே அவருக்கு எமனாக வரும் என்று அப்போது நினைக்கவில்லை.

முதுகெலும்பில் கட்டி வந்து ஒபரேஷன் செய்துகொண்டவர்கள் பிறகு எப்படி வாழ்கிறார்கள் என்பதை ஆராய வேண்டும் என்று அவர் ஒருநாள் வார்டில் சொன்னார். எங்களில் சிலர் முகத்தைச் சுளித்தோம். ஏற்கனவே தலைக்கு மேல் வேலை.

"வீட்டை போனவன் திரும்பி வராட்டி, சுகமாயிட்டான் எண்டு நினைக்கிறம்," என்றார் அவர். "செத்தவனும்தான் திரும்பி வரமாட்டான்."

சுளித்த முகங்கள் நேராயின. ஆராய்ச்சி தொடங்கியது. ஒபரேஷன் முடிந்து போனவர்களைக் குறிப்பிட்ட இடைவெளிகளில் தொலைபேசியில் அழைத்து, நடக்க முடிகிறதா, வலி இருக்கிறதா, தூக்கம் வருகிறதா என்று கேட்க வேண்டும். கேள்விகள் சிங்களத்திலும் தமிழிலும் இருந்தன. சிங்களக் கேள்விகளை இங்கேயே எழுதினோம். தமிழ்க் கேள்விகள் கடல் கடந்து வந்தவை. தமிழ்நாட்டில் மொழிபெயர்த்து, நோயாளிகளிடம் கேட்டுப் பார்த்துச் சரியென்று ஒப்புக்கொள்ளப்பட்டவை. அவற்றில் ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது என்பது ஆராய்ச்சிச் சட்டம். அழைப்பவர் எழுத்துக்கு எழுத்து வாசிக்க வேண்டும், விளக்கம் சொல்லக் கூடாது. எங்கள் சேருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? அழைக்கும் பிள்ளைகளின் பக்கத்தில் நின்று, ஒரு சொல் தவறினாலும் திருத்துவார்.

'முதுகில் வலி உள்ளதா?' என்பது அதில் ஒரு கேள்வி.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் உடம்பு நோகும், உளையும், குத்தும், கடுக்கும். வலி என்றால் வாயில் நுரை தள்ளிக் கையும் காலும் இழுக்கிற வலிப்பு வருத்தம். படித்தவர்களுக்குப் புத்தகத்து வலியும் தெரியும், சினிமாவில் வருகிற வலியும் தெரியும். கேள்வித்தாளில் அந்தச் சொல்லைப் பார்த்தபோது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. எழுத்தில் இருந்தால் நல்ல தமிழ் என்று தலையாட்டிப் பழகியவர்கள் நாங்கள். வீட்டுக்குப் போய் "கால் உளையுது" என்று மனைவியிடம் சொல்லும் அதே சேர், பகலில் அந்தக் கேள்வியை எழுத்துப் பிசகாமல் வாசிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

முதல் முடிவுகள் வந்தபோது எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒபரேஷன் செய்துகொண்டவர்களில் தமிழ் நோயாளிகளுக்கு வலி மிகவும் குறைவு. சிங்கள நோயாளிகளுக்கு அவ்வளவு குறையவில்லை. கணக்குப் பார்க்கும் சமன், "சேர், உங்கட ஆக்களின்ட முதுகு கொங்கிறீட்டா?" என்று சிங்களத்தில் கேட்டார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சேரும் சிரித்தார். உள்ளூர ஒரு சின்னப் பெருமையும் அவருக்கு இருந்தது. வெளிநாட்டு மாநாடொன்றில் அதை வாசிக்க அழைப்பும் வந்தது. அங்கே குளிரும் என்று ஜெசிந்தா அக்கா கறுப்புக் கோட் ஒன்று வாங்கி வைத்தார்.

சிரித்துக்கொண்டிருந்த அந்த நாட்களில்தான் ஸ்டீபன் கதிரையில் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஸ்டீபன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கொட்டாஞ்சேனைக்காரர், சேருடைய கத்தோலிக்கக் கோயில் பங்கைச் சேர்ந்தவர். முதுகெலும்பில் வளர்ந்த கட்டியைச் சேர் எடுத்திருந்தார். புற்றுநோய் என்று சொல்ல முடியாத, ஆனால் திரும்பத் திரும்ப முளைக்கக்கூடிய கட்டி. ஒபரேஷனுக்குப் பிறகு நடந்தே வீட்டுக்குப் போனார். தொலைபேசியில் கேட்டபோதெல்லாம் வலி இல்லை என்றார்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து கோயில் முற்றத்தில் ஸ்டீபனின் மனைவி ரீட்டாவைச் சேர் கண்டிருக்கிறார். நடந்ததை மறுநாள் தியேட்டருக்குள் நுழையும் முன் என்னிடம் சொன்னார். பின்னாளில் ரீட்டாவும் அதே போலத்தான் சொன்னார்.

"எங்க ஸ்டீபனைக் காணேல்ல?"

"வீட்டில டொக்டர். இரவு நித்திரையில்ல, இப்பதான் கொஞ்சம் கண்ணயர்ந்தவர்."

"ஏன் நித்திரையில்ல?"

"அவர் இப்ப கட்டில்ல படுக்கிறதில்ல. கதிரையில இருந்தபடிதான். நிமிந்து படுத்தா உளையுதாம்."

முதுகுக் கட்டி பார்க்கும் எந்த டொக்டருக்கும் இந்த ஒரு வசனம் போதும். இரவில், படுத்தால் கூடுகிற நோவு என்றால் கட்டி திரும்பி வருகிறது என்றுதான் முதலில் பயப்பட வேண்டும்.

"போனில வலியில்லை எண்டு சொல்லியிருக்கிறாரே!" என்று சேர் சத்தம் போட்டிருக்கிறார்.

ரீட்டா திகைத்துப் போனார். "வலி இல்லைத்தானே டொக்டர்? வலியெண்டா இழுக்கிறதெல்லோ. அது ஒருநாளும் வரேல்ல. இது உளைவு. உளைவைப் பற்றி ஒருத்தரும் கேக்கேல்லையே."

சேர் அப்படியே ரீட்டாவோடு அவர்கள் வீட்டுக்கு நடந்து போனார். ஸ்டீபனின் கால்கள் அதற்குள் மரத்துப் போகத் தொடங்கியிருந்தன. உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்து, அடுத்த நாளே கட்டியைத் திரும்ப எடுத்தோம். நான்தான் மயக்க மருந்து கொடுத்தேன். அன்றைக்குத் தியேட்டருக்குள் சேர் என்னைச் சீண்டவில்லை. கட்டி முழுதாக வந்தது. கால்களின் பலம் திரும்பி வரவில்லை.

அந்தக் கிழமையே அவர் ஆராய்ச்சிக் குழுவைக் கூட்டி, முடிவுகளைத் திரும்பப் பெறப் போவதாகச் சொன்னார். மாநாட்டுக்கும் போகவில்லை. எங்களுக்கு மேலே இருந்த ஒரு பெரியவருக்குக் கோபம் தலைக்கேறியது.

"ஒரு சொல்லுக்காக இவ்வளவு பேரின்ட உழைப்பையும் குப்பையில போடுறதோ?" என்று மேசையில் அடித்தார்.

"அந்த ஒரு சொல்லால ஒரு மனிசன்ட கால் போயிருக்கு," என்றார் சேர். "கேள்வியைக் கேட்டது நான். மாத்தக் கூடாது எண்டு நிண்டதும் நான். அவன் சரியாத்தான் பதில் சொன்னவன்."

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அவரோடு முகம் கொடுத்துக் கதைக்காதவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் செத்தவீட்டுக்கும் வரவில்லை. வராதது நல்லதுதான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பிறகு அவர் தமிழ் நோயாளிகள் எல்லோரையும் முதலிலிருந்து கேட்கத் தொடங்கினார். இந்த முறை முறைப்படி அனுமதி எடுத்து, கேள்விகளை இங்கேயே, இங்கத்தைய வாயில் எழுதினோம். மலைநாட்டு ஹட்டன் பக்கமிருந்து வந்து புறக்கோட்டையில் மூட்டை தூக்குபவர்களுக்கு மட்டும் பழைய பதிலே நின்றது. தமிழ்நாட்டுப் பேச்சு வழி வந்த அவர்கள் வீட்டில் 'வலிக்குது' என்றுதான் சொல்வார்கள், ஆகவே முதலிலேயே உண்மையைச் சொல்லியிருந்தார்கள். மற்றவர்களின் பதில் மாறியது. கொங்கிறீட் முதுகுகள் எல்லாம் சாதாரண முதுகுகளாயின. சமன் அந்தப் பகிடியைப் பிறகு சொல்லவேயில்லை.

புதிய கேள்விகளில் முதலாவது அவரே எழுதியது. "நேற்று என்ன செய்தனீங்கள்?" அவ்வளவுதான். சுகமா என்று கேட்டால் எங்கள் சனம் சுகம் என்றுதான் சொல்லும், அது மரியாதை. நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்டால், சந்தைக்குப் போனேன், பேரப்பிள்ளையைத் தூக்கினேன், வாசல்படி இறங்க ஏலாமல் உள்ளேயே இருந்தேன் என்று உண்மை தானாக வெளியே வரும். நல்ல கேள்வி. அதை எழுத அவர் கொடுத்த விலையை நினைத்தால் அதைப் புகழவும் எனக்கு மனம் வருவதில்லை.

திருத்திய முடிவுகள் கடைசியில் வெளிவந்தன. புற்றுநோய் வேறு இடத்திலிருந்து முதுகெலும்புக்குப் பரவியவர்களில், காலம் குறைவாக உள்ளவர்களுக்கு ஒபரேஷன் நாங்கள் நம்பிய அளவு உதவவில்லை என்று அதில் எழுதியிருந்தார். சிலருக்கு நன்றாக உதவியது என்பதையும் எழுதியிருந்தார். ஆனால் மனிதர்கள் தமக்குப் பிடித்ததைத்தான் வாசிப்பார்கள். "அருளப்புவே கத்தி வைக்க வேண்டாம் எண்டிட்டார்," என்று ஒரு கதை கிளம்பியது. உதவி கிடைத்திருக்கக்கூடிய ஒரு பெண்மணி அதைக் கேட்டு ஒபரேஷனை மறுத்துவிட்டதாக அறிந்தபோது சேர் என் முன்னால் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். பிழையாகச் சொன்னாலும் ஆள் விழுகிறது, சரியாகச் சொன்னாலும் ஆள் விழுகிறது என்றார்.

ஸ்டீபனின் வீட்டுக்கு அவர் போகாத ஞாயிறு கிடையாது. பூசை முடிந்து நேரே அங்கேதான். ஸ்டீபன் அவரை ஒருநாளும் குறை சொன்னதில்லை. அது சேருக்கு இன்னும் பாரமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்குச் சிறுநீரகத்தில் புற்றுநோய் வந்தது. எடுத்தார்கள். சில காலம் நன்றாக இருந்தார். பிறகு அது முதுகெலும்புக்கு வந்தது. கேள்விப்பட்டதும் நான் கொட்டாஞ்சேனைக்கு ஓடினேன். ஜன்னல் ஓரத்தில், கைபிடி வைத்த மரக்கதிரையில் இருந்தார். ஸ்கான் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எனக்குக் காட்டினார், வேறு யாருடைய படத்தையோ காட்டுவது போல.

"தட்டு நைஞ்சுபோச்சுது, பாத்தீரோ?"

"கம்பி வைக்கலாம் சேர். செய்யிறதுக்கு ஆள் ரெடி. நான் வந்து தலைமாட்டில நிக்கிறன்."

"என்ட நிலைமையில இருக்கிறவைக்கு அது எவ்வளவு உதவும் எண்டு நாங்கள்தானே எழுதினம்? வாசிக்கேல்லையோ?"

"சிலருக்கு உதவினது எண்டும் எழுதினீங்கள். அதை ஏன் விடுறீங்கள்?"

அவர் படத்தை மடியில் வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்கள் வேண்டாமெண்டுறது ஆராய்ச்சியாலயா, ஸ்டீபனாலயா?" என்று கேட்டுவிட்டேன். ஜெசிந்தா அக்கா வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சேர் மெல்லச் சிரித்தார். "வசந்தி, நீர் ஆக்களை மயக்கிறனீர். இப்பிடி முழிப்பா இருக்கிறவனிட்டக் கேள்வி கேக்காதேயும்."

அத்தோடு பேச்சை மாற்றிவிட்டார். ஒபரேஷன் செய்துகொள்ளவில்லை. அவர் தன் அறிவின்படி முடிவெடுத்தாரா, தன்னைத் தண்டித்துக்கொண்டாரா என்பது எனக்கு இன்னும் தெரியவில்லை. அவருடைய நல்ல குணங்களைச் சொல்லி இதை முடித்துவிடலாம்தான். ஆனால் அவர் மீது எனக்கிருக்கும் கோபமும் இந்த அஞ்சலியில் ஒரு பங்கு. செய்திருந்தால் அவர் ஒருவேளை கட்டிலில் படுத்திருப்பார்.

போன மாதம் அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். யார் கேட்டாலும் சுகம் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று ஜெசிந்தா அக்கா முறைப்பட்டிருந்தார். அதனால் நான் சுகம் விசாரிக்கவில்லை.

"சேர், நேற்று என்ன செய்தனீங்கள்?"

மறுபக்கம் ஒரு சின்னச் சிரிப்புக் கேட்டது. அவருடைய கேள்வியை அவரிடமே திருப்பிவிட்டேன் என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"நேற்றோ? கதிரையில இருந்தனான்," என்றார்.

"இரவு?"

"அதே கதிரைதான்."

"உளையுதா சேர்?"

"ஓம் வசந்தி," என்றார். "சரியா உளையுது."

அன்றைக்கே அவருடைய டொக்டரோடு கதைத்து மருந்தைக் கூட்ட வைத்தேன். கொஞ்சம் தணிந்தது, சாப்பிட்டார், பத்திரிகை வாசித்தார் என்று சொன்னார்கள். ஆனால் நிமிர்ந்து படுக்க மட்டும் கடைசிவரை அவரால் முடியவில்லை.

புதன்கிழமை கொட்டாஞ்சேனை வீடு நிறையச் சனம். வீதியில் வெள்ளைக் கொடி கட்டியிருந்தார்கள். ஜன்னல் ஓரத்துக் கதிரையை யாரோ சுவரோடு தள்ளி வைத்திருந்தார்கள், அதில் ஒருவரும் உட்காரவில்லை. பெட்டிக்குள் சேர் அந்தக் கறுப்புக் கோட்டோடு இருந்தார். மாநாட்டுக்கென்று வாங்கி ஒருநாளும் போடாத கோட்.

ரீட்டா சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். சனம் விலகி வழி விட்டது. ஸ்டீபன் பெட்டியின் விளிம்பைப் பிடித்து, உடம்பைக் கொஞ்சம் உயர்த்தி, உள்ளே பார்த்தார். அவர் அழுவார் என்று நினைத்தேன். அவர் சேரின் முகத்தைப் பார்க்கவில்லை. தோளிலிருந்து கால்வரை கண்ணை ஓட்டினார். பிறகு மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"நிமிந்து படுத்திருக்கிறார், என்ன?" என்றார்.

"ஓமப்பா," என்றார் ரீட்டா.

நான் அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வெடித்தது. மறுமை பற்றி நான் அதிகம் யோசிக்கிறவள் இல்லை. உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது எங்கள் வாயில் வருகிற ஒரு சொல்தான், சேர். நீங்கள் தவறவிட்டு, பிறகு வாழ்நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த சொல்.

போயிட்டு வாங்கோ. உளையாமல் படுங்கோ.